சுங்கை சிப்புட்டுக்குப் புதிதாக வந்த பிள்ளைகளுக்கு: அமெரிக்கக் கல்லூரிக் கட்டுரைக்கு எதை எழுதலாம்?

அப்பாவுக்குச் செம்பனை (எண்ணெய்ப் பனை) ஆலையில் வேலை, இல்லையென்றால் அம்மாவுக்கு ஈப்போவில் வேலை. எப்படியோ குடும்பம் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் வந்து இறங்கியாயிற்று. வீடு, பள்ளி, விசா எல்லாம் ஒருவாறு ஒழுங்கான பிறகு அடுத்த கவலை பிள்ளையின் மேற்படிப்பு. அமெரிக்காவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று முடிவெடுத்த வீடுகளில் மதிப்பெண்ணைவிடப் பிள்ளைகளை அதிகம் திணற வைப்பது ஒரு கட்டுரை. இந்த ஊரில் பிள்ளைகளோடு உட்கார்ந்து அந்தக் கட்டுரைக்காகப் பேசிப் பழகியதால் இதை எழுதுகிறேன்.

திணறுவதற்குக் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண், கட்-ஆஃப், கலந்தாய்வு என்றே பழகியிருப்பீர்கள். இங்கே அரசுப் பல்கலைக்கழகத்துக்கு யூபியூ வழியாக விண்ணப்பிக்கும் மலேசியப் பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் தேர்வு முடிவும் புறப்பாட நடவடிக்கைப் புள்ளியும்தான் கணக்கு. ‘நீ யார், எப்படி யோசிப்பாய்’ என்று எந்தப் படிவமும் அவர்களைக் கேட்டதில்லை. அமெரிக்கக் கல்லூரிகள் கேட்கின்றன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஏற்கும் காமன் ஆப் விண்ணப்பத்தில் ஏழு தலைப்புகள் தருவார்கள். ஒன்றை எடுத்து 250 முதல் 650 சொற்களுக்குள் எழுத வேண்டும். உன் பின்னணி, நீ தாண்டிய தடை, நீ கேள்வி கேட்ட ஒரு நம்பிக்கை, நேரம் போவதே தெரியாமல் உன்னை இழுக்கும் விஷயம் என்று போகும் அந்தப் பட்டியலில் ஏழாவது, ‘உனக்குப் பிடித்த எதைப் பற்றியும் எழுது’. இதை மற்ற நாடுகளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பிரிட்டனின் யூகாஸ் படிவத்தில் 2026 சேர்க்கையிலிருந்து மூன்று கேள்விகள், மொத்தம் 4,000 எழுத்துகள். அங்கே ஏன் இந்தப் பாடம், அதற்கு எப்படித் தயாரானாய் என்பதுதான் பேச்சு. இந்தக் குறிப்பு அமெரிக்கக் கட்டுரைக்கு மட்டும்.

‘கிரியேட்டிவ்வா எழுதணுமாம்’ என்று பிள்ளை வந்து சொன்னதும், பல வீடுகளில் விநோதமான வடிவத்தைத் தேட ஆரம்பிக்கிறார்கள். சமையல் குறிப்பு போல எழுதலாமா, நீதிமன்றக் காட்சியாக எழுதலாமா, எதிர்காலத்து எனக்கு ஒரு கடிதம்? சிகாகோ பல்கலைக்கழகம் தன் தனிக் கட்டுரைக்கு விசித்திரமான கேள்விகள் கேட்பதில் பெயர் பெற்றது. ‘ஒற்றைப்படை எண்களில் அப்படி என்ன விசித்திரம்?’ என்றுகூட ஒருமுறை கேட்டிருக்கிறது. அங்கே விளையாடலாம். காமன் ஆப்பின் பொதுக் கட்டுரையில் வடிவத்தில் வித்தை காட்டினால் உள்ளே சொல்ல ஒன்றுமில்லை என்பதுதான் சீக்கிரம் தெரிந்துவிடும். புதுமை பார்க்கும் பார்வையில் இருந்தால் போதும்.

புதிதாக வந்த பிள்ளைகள் முதலில் எடுக்கும் தலைப்புகள் எல்லாம் ஒரே குடும்பம். விமான நிலையத்தில் தாத்தா பாட்டி அழுதது. மலாய் தெரியாமல் தவித்து, பிறகு வகுப்பில் முதலாவதாக வந்தது. ஈப்போ கல்லுமலைக் கோயில் தைப்பூசத்தில் காவடி பார்த்துத் தன் வேரை உணர்ந்தது. எதுவும் பொய் இல்லை. எழுதும் பிள்ளைக்கு அது பெரிய அனுபவம்தான். ஆனால் நாடு மாறிய எந்தப் பிள்ளையும் இதையே எழுதும். எழுதியவர் பெயரை அழித்துவிட்டு வகுப்புத் தோழன் பெயரைப் போட்டுப் பாருங்கள். கட்டுரை அப்படியே பொருந்தினால் அது உங்கள் தலைப்பு இல்லை.

அப்படியானால் எங்கே தேடுவது? இந்த ஊரிலேயே தேடலாம். புதிதாக வந்தவருக்கு மட்டும் கிடைக்கும் ஒரு வரம், உள்ளூர்க்காரர்கள் கேட்பதை நிறுத்திவிட்ட கேள்விகள் அவருக்கு இன்னும் எழும். வந்த முதல் சில மாதங்களில் பிள்ளை ‘இது ஏன் இப்படி?’ என்று கேட்டதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். தலைப்பு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

ஓர் உதாரணத்தை விரிவாகவே சொல்கிறேன். செம்பனைத் தோட்டத்து மண் சாலையில் போனால் சில இடங்களில் கம்பத்தின் மேல் ஒரு பெட்டி நிற்பதைப் பார்க்கலாம். அது கூகை என்ற ஆந்தைக்கான வீடு. செம்பனைப் பழத்தைத் தின்னும் எலிகளைக் கட்டுப்படுத்த மலேசியத் தோட்டங்களில் பல பத்தாண்டுகளாகக் கூகைகளைக் குடியமர்த்துகிறார்கள். ஐந்து முதல் பத்து ஹெக்டருக்கு ஒரு பெட்டி என்பது பொதுவான கணக்கு. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் இதைப் பார்க்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஆந்தை அலறினால் வீட்டுக்கு ஆகாது என்று கேட்டு வளர்ந்தவள். அந்தப் பறவைக்கு இங்கே செலவு செய்து வீடு கட்டிக் கொடுத்திருக்கிறார்கள்! விசாரிக்கிறாள். கூகை எலியை முழுசாக விழுங்கி, செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கும் என்று தெரிகிறது. பெட்டிக்கு அடியில் கிடந்த சில உருண்டைகளைக் கொண்டுவந்து தண்ணீரில் ஊறவைத்து, தாடை எலும்புகளைத் தனியே பிரித்து, இந்த உருண்டையில் எத்தனை எலி என்று எண்ணுகிறாள். வீடியோ காலில் பாட்டியிடம் காட்டுகிறாள். பாட்டி முகம் சுளிக்கிறார்.

கட்டுரை தொடங்குவது இங்கேதான். ‘நீ கேள்வி கேட்ட ஒரு நம்பிக்கை’ என்ற தலைப்புக்கு, மூடநம்பிக்கையை அறிவியல் வென்றது என்று முடித்தால் அது பள்ளிப் பேச்சுப் போட்டி. அவள் பாட்டியோடு எப்படிப் பேசினாள்? பாட்டி ஏன் அப்படி நம்பினார் என்று கேட்டாளா? கிராமத்தில் இரவில் அந்தச் சத்தம் கேட்டபோது அந்த வீட்டில் என்ன நடந்திருந்தது? பேசிய பிறகும் பாட்டி மனம் மாறவில்லை என்றால் இவள் அதை எப்படி எடுத்துக்கொண்டாள்? தான் அன்பு வைத்திருக்கும் ஒருவரோடு கருத்து வேறுபடத் தெரிந்த பெண் என்பது வாசிப்பவருக்குத் தெரிந்துவிட்டால் கூகை தன் வேலையைச் செய்துவிட்டது. கல்லூரி தேடுவது அந்தப் பெண்ணைத்தான்.

(இன்னொன்று: தோட்டம் தனியார் நிலம். அலுவலகத்தில் கேட்காமல் உள்ளே போகக் கூடாது. செம்பனைக்கு அடியில் நாகப்பாம்பு சாதாரணம். பிள்ளையைத் தனியே அனுப்ப வேண்டாம்.)

ஆலைக் குடியிருப்பில் இருக்கும் பையனுக்கு வேறு ஒன்று கிடைக்கும். வெட்டிய பழக்குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குக் கொண்டுவரப் பார்ப்பார்கள். அடிபட்ட பழத்தில் கொழுப்பு அமிலம் ஏறிக்கொண்டே போகும், எண்ணெயின் தரம் இறங்கும். வாசலில் லாரி வரிசை நீளும்போதெல்லாம் அப்பாவின் முகம் மாறுவதை மாடியிலிருந்து பார்த்து, எந்தக் கிழமை வரிசை நீளுகிறது என்று குறித்து வைக்கும் பையனுக்கு கணிதமும் அப்பாவும் ஒரே கட்டுரையில் வந்துவிடுகிறார்கள். ஆனால் அப்பாவின் உழைப்பு மட்டுமே நிறைந்தால் அது அப்பாவின் விண்ணப்பமாகிவிடும்.

இனி எனக்கு மிக முக்கியமான விஷயம். இது வரலாறு கனத்த ஊர். 1948 ஜூன் 16 அன்று இந்த வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்துதான் மலாயாவில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் பிறந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம் மக்கள் வேலையும் வீடும் இழந்துகொண்டிருந்தபோது, 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய துன் சம்பந்தன் அப்போது இந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். தொழிலாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாக (அந்நாளைய மலாயா டாலர்) சேர்த்துத் தோட்டங்களை வாங்கியது அந்தச் சங்கம். இதையெல்லாம் கேள்விப்படும் பிள்ளைக்கு எழுதத் தோன்றுவது இயல்பு. கேளுங்கள், படியுங்கள், பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். ஆனால் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) வாழ்ந்தவரின் துன்பத்தை எடுத்து உங்கள் கட்டுரைக்கு அலங்காரமாக்க வேண்டாம். ‘ஏழைத் தோட்டப் பிள்ளைகளுக்கு இரண்டு சனிக்கிழமை டியூஷன் எடுத்தேன், என் கண் திறந்தது’ என்ற கட்டுரையை வாசிக்கும்போது எனக்கு வலிக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்குப் பெயர் உண்டு, கெட்டிக்காரத்தனம் உண்டு; அவர்களில் சிலரும் இதே கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கிறார்கள். தவிர, தோட்டம் என்றால் தமிழ்த் தொழிலாளி என்ற படமும் பழையது. பல குடும்பங்கள் தாமான்களுக்கு (ஊர்க் குடியிருப்புகளுக்கு) எப்போதோ வந்துவிட்டன. இன்று குலை வெட்டுபவர்களில் இந்தோனேசியரும் வங்கதேசத்தவரும் நேபாளிகளும் நிறையப் பேர். பெரியவர் சொன்ன கதை உங்களை உண்மையிலேயே மாற்றியிருந்தால், அவரிடம் அனுமதி கேட்டு, அவர் பெயரை மாற்றி, அவர் சொன்னபின் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை எழுதுங்கள். செய்தது ஒன்றுமில்லை என்றால் அது இன்னும் உங்கள் தலைப்பாகவில்லை.

ஊரை விளக்குவதற்கு இரண்டு வாக்கியத்துக்கு மேல் செலவழிக்கக் கூடாது. 650 சொல் என்பது ஒரு தாள், ஒன்றேகால் தாள், அவ்வளவுதான்.

இரண்டு மூன்று தலைப்புகள் கையில் இருந்தால், பிள்ளையை ஒவ்வொன்றையும் தமிழில் ஐந்து நிமிடம் வாயால் சொல்லச் சொல்லுங்கள். கேட்பவர் வீட்டு ஆளாக இருக்க வேண்டாம். பக்கத்து வீட்டு அக்கா, பள்ளித் தோழி, யாரானாலும் சரி. அவர் எந்த இடத்தில் ‘அப்புறம்?’ என்று கேட்கிறாரோ அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் கைப்பேசியைப் பார்க்கிறாரோ அதை வெட்டுங்கள். பிறகு தாளைப் பார்க்காமல் ஆங்கிலத்தில் அதே கதையைப் புதிதாகச் சொல்ல வேண்டும். நேராக ஆங்கிலத்தில் எழுத உட்காரும் பிள்ளைகள் அகராதிச் சொற்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார்கள். தமிழில் பேசும்போது அவர்களுடைய குரல் தானாக வந்துவிடுகிறது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். தலைப்பைப் பிள்ளைதான் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘ஆந்தையைப் பற்றியா எழுதுவது, ஒலிம்பியாட் பரிசைப் பற்றி எழுது’ என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். பரிசுகளை எழுத விண்ணப்பத்தில் தனிக் கட்டம் இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு கட்டுரை எழுதித் தரும் ஆட்களிடம் போக வேண்டாம். செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதியதைத் தன் எழுத்தாகக் கொடுப்பதையும் காமன் ஆப் மோசடியாகவே கருதுகிறது.

உள்ளூர்ப் பள்ளியில் ஆலோசக ஆசிரியருக்கு இந்த விண்ணப்பம் பழக்கமில்லாமல் இருக்கலாம். பள்ளி அறிக்கையும் பரிந்துரைக் கடிதமும் அங்கிருந்துதான் போக வேண்டும் என்பதால் மாதங்களுக்கு முன்பே பார்த்து மரியாதையாக விளக்கிவிடுங்கள். கோலாலம்பூரில் மலேசிய-அமெரிக்கக் கல்விப் பரிமாற்ற ஆணையம் இருக்கிறது. எல்லோரும் மெக்கி என்பார்கள். அமெரிக்கப் படிப்பு பற்றி அங்கே நம்பகமான ஆலோசனை கிடைக்கும்.

புதிய ஆண்டுக்கான விண்ணப்பம் ஆகஸ்ட் 1-இல் திறக்கும். முன்கூட்டிய சேர்க்கைக்குப் பல கல்லூரிகளின் கடைசி நாள் நவம்பர் 1. பெரும்பாலும் தீபாவளியை ஒட்டியே வந்து நிற்கும். ஆகவே தலைப்பை ஜூலைக்குள் முடிவு செய்து, பலகாரம் சுடத் தொடங்கும் முன் கட்டுரையை முடித்துவிடுங்கள். காமன் ஆப்பில் கெடு நேரம் விண்ணப்பிப்பவர் இருக்கும் ஊரின் நேரப்படிதான், அதாவது மலேசிய நேரம் இரவு 11:59. அந்த மாதங்களில் மாலை மழையில் கரண்டும் இணையமும் போகும், அதனால் இரண்டு நாள் முன்பே அனுப்பிவிடுங்கள்.