ஏமாற்றிய காதல் படத்துக்கு முதல் விமர்சனம் எழுதுவது எப்படி?

படம் பிடிக்கவில்லையா? 'மொக்கை' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடாதீர்கள். எந்த இடத்தில் மனம் விட்டுப்போனது என்று சொல்லத் தெரிந்தால் பாதி விமர்சனம் எழுதியாகிவிட்டது. பயிற்சிக்கு 2022இல் வந்த 'மேரி மீ' (Marry Me) என்ற ஆங்கிலப் படத்தை எடுத்துக்கொள்வோம்.

படி 1: கதையை நாலு வரியில் சொல்லுங்கள்

பாப் பாடகி கேட் (ஜெனிஃபர் லோபஸ்) மேடையிலேயே கல்யாணம் செய்துகொள்ளப் போகிறார். மாப்பிள்ளைக்கும் தன் உதவியாளருக்கும் தொடர்பு இருப்பது கடைசி நேரத்தில் தெரியவருகிறது. கூட்டத்தில் 'மேரி மீ' என்ற அட்டையோடு நிற்கும் கணக்கு ஆசிரியர் சார்லியை (ஓவன் வில்சன்) அங்கேயே மணக்கிறார். அவ்வளவு போதும், முடிவைச் சொல்லாதீர்கள்.

படி 2: பிடித்ததை முதலில் எழுதுங்கள்

அந்த அட்டை சார்லியுடையதே இல்லை, அவருடைய தோழியுடையது. எவ்வளவு அழகான தொடக்கம்! இதை எழுதினால்தான் பின்னால் வரும் ஏமாற்றம் வாசகருக்கும் புரியும்.

படி 3: கதையை நம் அடுக்குமாடி புளோக்குக்குக் கொண்டுவாருங்கள்

எனக்கு மிகவும் கைகொடுத்த படி இது. சார்லி சிங்கப்பூரின் தோ பாயோவில் குடியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை மின்தூக்கிக் கதவு திறக்கிறது. பக்கத்து வீட்டு ஆன்ட்டி, கையில் சந்தைப் பையோடு, "தம்பி, நேத்து டிவியில வந்தது நீங்கதானே?" என்கிறார். பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழு கொதிக்கிறது. ஓ நிலைத் தேர்வு நெருங்குகிற நேரம், பள்ளி முதல்வர் அறைக்குக் கூப்பிடுகிறார். அப்புறம் வீட்டில் மகள் இருக்கிறாள், அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது?

நட்சத்திரமும் சாதாரண ஆளும் சேரும் கதைக்கு உயிரே இந்தச் சங்கடம்தான். 'மேரி மீ'யில் கேமராக்கள் துரத்துகின்றன, ஆனால் சார்லியின் அன்றாட வாழ்க்கை உண்மையாகவே ஆட்டம் கண்டதாக எனக்குத் தோன்றவில்லை. என் மனம் விட்டுப்போனது அங்கேதான். உங்களுக்கு வேறு இடமாக இருக்கலாம். சரி, அதை எழுதுங்கள்.

படி 4: வாய்விட்டுப் படியுங்கள்

எழுதியதை அன்றே போட்டுவிடாதீர்கள். மறுநாள் எம்ஆர்டி ரயிலில் போகும்போது மெல்ல முணுமுணுத்துப் பாருங்கள். 'இரண்டாம் பாதியில் தொய்வு' என்று ஒரு வரி இருந்தால் அடித்துவிடுங்கள். எந்தக் காட்சி ஓடும்போது உங்கள் கை தானாகக் கைப்பேசியைத் தேடியதோ, அந்தக் காட்சியை அந்த இடத்தில் எழுதுங்கள்.