ராணுவத்திலிருந்து ஊருக்கு: கடைசி ஓராண்டில் முடிக்க வேண்டியவை, முதல் ஓராண்டில் தொடங்க வேண்டியவை

18 அல்லது 19 வயதில் படையில் சேர்ந்து, சிப்பாயாகவோ நாயக்காகவோ ஹவில்தாராகவோ பணிக்காலத்தை முடித்துக்கொண்டு வெளியே வருகிற ஒருவருக்கு அப்போது வயது பெரும்பாலும் 35-க்கும் 43-க்கும் இடையில்தான் இருக்கும். பிள்ளைகள் ஆறாவதோ எட்டாவதோ படித்துக்கொண்டிருப்பார்கள், வீட்டுக் கடன் பாதி நிற்கும், பெற்றோருக்கு மருத்துவச் செலவு தொடங்கியிருக்கும். இன்னும் 20 ஆண்டுகளாவது உழைத்தாக வேண்டிய வயது அது. தமிழ்நாட்டைச் சேர்ந்த, 15 ஆண்டுகளுக்குக் குறையாமல் பணியாற்றி ஓய்வூதியத்துடன் வெளியேறப்போகும் ஜவான்களையும் அவர்கள் குடும்பத்தாரையும் மனத்தில் வைத்தே இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன். 4 ஆண்டுகளுக்கு மட்டும் படையில் சேரும் அக்னிவீரர்களின் நிலை வேறு என்பதால் அவர்களைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

வேலை தேடுவதைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். என் கருத்தில், சீருடையைக் கழற்றுவதற்கு முந்தைய 12 மாதங்களில் கவனிக்க வேண்டிய காகிதங்கள்தான் அதைவிட முக்கியமானவை. யூனிட் அலுவலகத்தில் ஒரு விண்ணப்பத்தில் முடிந்துவிடும் திருத்தம், வெளியே வந்த பிறகு நோட்டரி பிரமாணப் பத்திரம், பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீசுக்குப் பதிவுத் தபால், பதில் வராமல் நினைவூட்டல் கடிதம் என்று மாதக்கணக்கில் இழுக்கும்.

பெயரும் தேதியும்

முதலில் சரிபார்க்க வேண்டியது பெயர். நம் ஊரில் இனிஷியல் வைத்துப் பெயர் எழுதும் வழக்கம், குடும்பப் பெயரைக் கேட்கும் அரசுப் படிவங்களோடு ஒருபோதும் ஒத்துப்போனதில்லை. சேரும்போது பள்ளிச் சான்றிதழில் 'முருகன் சு' என்று இருந்தது, ஆதாரில் 'முருகன் சுப்பிரமணி' என்று விரிந்திருக்கும், வங்கிக் கணக்கில் தந்தை பெயர் முன்னால் வந்திருக்கும். மனைவியின் பெயரில் குழப்பம் இன்னும் அதிகம்: திருமணத்துக்குப் பின், குடும்ப விவரங்களைப் பணிப் பதிவேட்டில் ஏற்றும் பார்ட்-2 ஆர்டரில் 'செல்வி' என்று பதிவாகியிருக்கும், ஆதாரோ 'தமிழ்ச்செல்வி' என்று சொல்லும். கணவர் இருக்கும்வரை இந்த வேறுபாடு யார் கண்ணையும் உறுத்தாது. அவர் இறந்து, குடும்ப ஓய்வூதியம் கேட்டு அந்தப் பெண் விண்ணப்பிக்கும் நாளில்தான் "இந்த இருவரும் ஒருவரே என்பதற்கு என்ன சான்று" என்ற கேள்வி எழும்.

ஆகவே உங்கள் பெயர், மனைவி மற்றும் ஒவ்வொரு பிள்ளையின் பெயர், அவர்களின் பிறந்த தேதி, பெற்றோர் பெயர் ஆகியவற்றைப் பணிப் பதிவேடு, ஆதார், பான், வங்கிக் கணக்கு, பள்ளிச் சான்றிதழ் என ஒவ்வொன்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு இருந்தால், எதைத் திருத்துவது எளிது என்று யோசித்து அதைத் திருத்துங்கள். பெரும்பாலும் ஆதாரைத் திருத்துவது எளிது. பார்ட்-2 ஆர்டரில் இதுவரை ஏறாத பிள்ளை இருந்தால் உடனே ஏற்றச் சொல்லுங்கள். வங்கிக் கணக்கு மனைவியோடு சேர்ந்த கூட்டுக் கணக்காக இருக்கட்டும்.

கடைசி மருத்துவப் பரிசோதனை

வெளியேறும் முன் நடக்கும் மருத்துவக் குழுவின் பரிசோதனையைப் பலர் ஒரு சடங்காகவே கடந்துவிடுகிறார்கள். பதவி உயர்வு போய்விடுமே என்று பல ஆண்டுகள் மறைத்த முழங்கால் வலியையும், பீரங்கிப் படையில் இருந்ததால் வந்த காது மந்தத்தையும், உயரமான பனிப் பகுதியிலிருந்து திரும்பிய பின் தொடங்கிய ரத்த அழுத்தத்தையும் அங்கேயும் மறைத்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. இனி இழக்கப் பதவி உயர்வு ஒன்றும் இல்லை, அனைத்தையும் சொல்லிவிடுங்கள். ஒரு குறைபாடு பணியால் உண்டானது அல்லது பணியால் மோசமானது என்று குழு பதிவு செய்தால்தான் ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்கு வழி பிறக்கும். மறுக்கப்பட்டால் மேல்முறையீடு உண்டு, அதன் பிறகு ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வும் உண்டு. ஆனால் ஆவணத்தில் இல்லாத நோயை வைத்து வாதாடுவது கடினம். மருத்துவக் குழு அறிக்கையின் நகலை வாங்காமல் வராதீர்கள்.

கைக்கு வரும் பணம்

வெளியேறும்போது பணிக்கொடை, சேமநல நிதி, பயன்படுத்தாத விடுப்புக்கான ஊதியம் (அதிகபட்சம் 300 நாட்களுக்கு), ராணுவக் குழுக் காப்பீட்டின் முதிர்வுத் தொகை ஆகியவை ஏறத்தாழ ஒரே சமயத்தில் வந்து சேரும். இவற்றில் உங்கள் முடிவைக் கேட்காமலே வருபவை பெரும்பாலானவை. முடிவு உங்கள் கையில் இருப்பது கமுட்டேஷன் ஒன்றில்தான், அதாவது மாத ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து முன்பணமாக மொத்தமாக வாங்கிக்கொள்வதில்தான்.

படைவீரர்கள் ஓய்வூதியத்தில் பாதிவரை இப்படி மாற்றிக்கொள்ளலாம், 15 ஆண்டுகளுக்குப் பிறகு முழு ஓய்வூதியம் மீண்டும் கிடைக்கும். கணக்கைப் பார்ப்போம். அடிப்படை ஓய்வூதியம் மாதம் 24,000 ரூபாய், அடுத்த பிறந்தநாளில் வயது 40 என்று வைத்துக்கொண்டால், அந்த வயதுக்கான பெருக்கல் எண் 9.090. பாதியான 12,000 ரூபாயை விட்டுக்கொடுத்தால் 12,000 × 12 × 9.090, அதாவது சுமார் 13 லட்சத்து 9 ஆயிரம் ரூபாய் கையில் வரும். 180 மாதங்களில் நீங்கள் விட்டுக்கொடுப்பது 21 லட்சத்து 60 ஆயிரம். இதைக் கடனாக நினைத்துக் கணக்கிட்டால் ஆண்டு வட்டி ஏறத்தாழ 7.3 சதவீதம் ஆகிறது.

இதற்குச் சாதகமான அம்சங்களும் உண்டு. மொத்தமாகப் பெறும் இந்தத் தொகைக்கு வருமான வரி இல்லை. அகவிலை நிவாரணம் குறைக்கப்பட்ட ஓய்வூதியத்துக்கு அல்லாமல் முழு 24,000-க்கே கணக்கிடப்படும். இடையில் ஓய்வூதியர் இறந்துவிட்டால் மிச்சத் தொகையைக் குடும்பத்திடம் யாரும் கேட்பதில்லை. ஆகவே 12, 14 சதவீத வட்டியில் தனிநபர் கடனோ, அதைவிட மோசமாக ஊரில் கந்துவட்டிக் கடனோ இருந்தால், கமுட்டேஷன் வாங்கி அதை அடைப்பது அறிவுடைமை. கட்டிய வீட்டின் பாதி வேலை நிற்கிறதென்றால் அதுவும் சரியே. ஆனால் "எல்லோரும் வாங்குகிறார்கள்" என்பதற்காக வாங்கி வங்கியில் போட்டுவைப்பதில் லாபம் ஒன்றுமில்லை. பாதி முழுவதையும் மாற்றியாக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது, தேவையான அளவு மட்டும் மாற்றலாம்.

பெருந்தொகை வந்த செய்தி ஊருக்குள் எப்படியோ பரவிவிடும். மனை விற்கும் தரகர், மாதம் 5 சதவீதம் தருவதாகச் சொல்லும் நிதி நிறுவனத்தின் முகவர், பங்காளியாகச் சேரச் சொல்லும் மைத்துனரின் நண்பர் என்று ஒவ்வொருவராக வாசலுக்கு வருவார்கள். முதல் ஆறு மாதங்களுக்கு யாருக்கும் எதற்கும் பணம் தருவதில்லை என்று மனைவியோடு கலந்து முடிவு செய்து, தொகையை அரசு வங்கியிலோ அஞ்சலகத்திலோ வைப்பாகப் போட்டுவிடுங்கள். பட்டாளத்துக்காரர்களைக் குறிவைத்து ஏமாற்றுகிறவர்கள் சில சமயம் முன்னாள் பட்டாளத்துக்காரர்களாகவே இருப்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள்.

ஊர் வந்து சேர்ந்ததும்

பணி விடுவிப்பு ஏடான டிஸ்சார்ஜ் புக், ஓய்வூதிய ஆணையான பிபிஓ, புகைப்படங்கள், ஆதார் ஆகியவற்றுடன் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குச் செல்வது முதல் வேலை. அங்கு உதவி இயக்குநரின் கீழ் உங்கள் பெயர் பதிவாகி, முன்னாள் படைவீரர் அடையாள அட்டை கிடைக்கும். வேலைவாய்ப்புக்கான பதிவையும் அப்போதே செய்துவிடுங்கள். பிள்ளைகளின் கல்லூரிச் சேர்க்கைக்கு வேண்டிய சார்ந்தோர் சான்றும், பிரதமரின் கல்வி உதவித்தொகைத் திட்டத்துக்கு வேண்டிய சான்றும் பின்னாளில் இதே அலுவலகத்தில்தான் கிடைக்கும் என்பதால் அங்குள்ளவர்களோடு நல்ல பழக்கம் வைத்துக்கொள்வது நல்லது. மாணவிகளுக்கு மாதம் 3,000 ரூபாயும் மாணவர்களுக்கு 2,500 ரூபாயும் தரும் அந்த உதவித்தொகையைப் பற்றித் தெரியாமலே பல குடும்பங்கள் விட்டுவிடுகின்றன.

ஓய்வூதியம் இப்போது ஸ்பர்ஷ் இணையதளத்தின் வழியாக வருகிறது. அதன் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் நீங்களே கையாளப் பழகுங்கள், கடைக்காரரிடம் எழுதிக்கொடுத்துவிட்டு வராதீர்கள். ஆண்டுக்கொரு முறை உயிர்வாழ் சான்று தர வேண்டும், தவறினால் ஓய்வூதியம் நின்றுவிடும்.

மருத்துவத்துக்கு, 2003-இல் தொடங்கப்பட்ட முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டமான இசிஎச்எஸ் இருக்கிறது. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும், வருமான வரம்புக்கு உட்பட்ட பெற்றோருக்கும் தனித்தனி அட்டை வாங்க வேண்டும். வழக்கமான சிகிச்சைக்கு இத்திட்டத்தின் மருத்துவமனையான பாலிகிளினிக்கில் பரிந்துரை வாங்கிக்கொண்டுதான் பட்டியலில் உள்ள மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். உயிருக்கு ஆபத்தான நேரத்தில் பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தெரிவித்தாக வேண்டும். இந்த 48 மணி நேர விதியை வீட்டில் உள்ள எல்லோருக்கும் சொல்லிவையுங்கள், ஏனென்றால் அன்றைக்குப் படுக்கையில் இருப்பவர் நீங்களாக இருக்கலாம். கேன்டீன் அட்டையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, அதை யாரும் மறப்பதில்லை.

வேலை

மத்திய அரசின் குரூப் சி பணிகளில் 10 சதவீதமும், பொதுத்துறை நிறுவனங்களிலும் அரசு வங்கிகளிலும் அதே நிலைப் பணிகளில் 14.5 சதவீதமும் முன்னாள் படைவீரர் ஒதுக்கீடு உண்டு. பின்னதில் 4.5 சதவீதம் ஊனமுற்ற வீரர்களுக்கும் உயிர்நீத்தோரின் குடும்பத்தாருக்கும் உரியது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையமும் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியமும் தனி ஒதுக்கீடு தருகின்றன. வயது தடையாகுமோ என்ற அச்சம் மத்தியப் பணிகளில் பெரும்பாலும் தேவையற்றது: உண்மையான வயதிலிருந்து படைப் பணிக்காலத்தைக் கழித்து, மிஞ்சுவது அதிகபட்ச வயதைவிட 3 ஆண்டுகளுக்கு மேல் கூடாமல் இருந்தால் போதும். 37 வயதுக்காரர் 17 ஆண்டு பணியாற்றியிருந்தால் கணக்கில் அவருக்கு வயது 20.

பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் 15 ஆண்டுப் பணியும் இருந்தால், தொழில்நுட்ப அனுபவம் கேட்காத குரூப் சி பணிகளில் பட்டதாரிக்கு இணையாகக் கருதப்படும் வாய்ப்பும் உண்டு. அதற்கான சான்றிதழை வெளியேறும் முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். எனினும் எல்லா அறிவிப்புகளும் இதை ஏற்பதில்லை, ஒவ்வோர் அறிவிப்பிலும் தகுதிப் பகுதியை முழுமையாகப் படித்த பிறகே கட்டணம் கட்டுங்கள்.

பணிக்காலம் முடிய ஓராண்டு இருக்கும்போதே, யூனிட்டில் தடையின்மைச் சான்று பெற்று விண்ணப்பிக்கத் தொடங்கலாம். இங்கே ஒரு விதியைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். ஒதுக்கீட்டைப் பயன்படுத்தி மத்திய அரசுப் பணி ஒன்றில் சேர்ந்துவிட்டால், அதன் பிறகு வேறு பணிக்கு அந்த ஒதுக்கீட்டை மறுபடி கேட்க முடியாது. ஆனால் சேர்வதற்கு முன்பே விண்ணப்பித்திருந்த மற்ற பணிகளின் விவரத்தைத் தேதிவாரியாகச் சுய உறுதிமொழியாக எழுதி, பணியில் சேர்ந்த உடனே அலுவலகத்தில் கொடுத்துவிட்டால், அந்தப் பழைய விண்ணப்பங்களுக்கு ஒதுக்கீடு தொடரும். 2014 ஆகஸ்ட் முதல் இந்த வழி இருக்கிறது. கடைநிலைப் பணி ஒன்றில் அவசரப்பட்டுச் சேர்ந்து, இந்தக் காகிதத்தைக் கொடுக்காததால் பின்னர் வந்த வங்கி எழுத்தர் வேலையை இழந்தவர்கள் இருக்கிறார்கள். விண்ணப்பித்த ஒவ்வொன்றின் நகலையும் தேதியோடு ஒரு கோப்பில் வைத்திருங்கள்.

இடைக்காலத்தில் சும்மா இருக்க முடியாது என்பவர்களுக்கு, 1986-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோ நிறுவனம் காவல் பணிகளைத் தருகிறது. அது மோசமான வேலை அல்ல. ஆனால் இரவுப் பணியில் காலம் ஓடி, தேர்வுக்குப் படிக்கும் எண்ணமே மறைந்துவிடுவதுதான் அதில் உள்ள சிக்கல். தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் ரேடியோவும், இயந்திரப் பராமரிப்புப் பிரிவான இஎம்இ-யில் இயந்திரமும் பழகியவர் வாயிற்காவலில் நிற்பது என்னைப் பொறுத்தவரை வீண். மறுவாழ்வு இயக்குநரகம் பணியின் இறுதிக் கட்டத்தில் நடத்தும் பயிற்சிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது, விடுப்பு போல இருக்கும் பயிற்சியை விட்டு, ஏற்கெனவே கைவந்த தொழிலுக்குச் சான்றிதழ் தரும் பயிற்சியைக் கேளுங்கள்.

சொந்தத் தொழில் தொடங்க விரும்புவோருக்கு, 2024 சுதந்திர நாளில் அறிவிக்கப்பட்ட 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்தில் ஒரு கோடி ரூபாய்வரை வங்கிக் கடனும், 30 சதவீத மூலதன மானியமும், 3 சதவீத வட்டி மானியமும் உண்டு. மானியத்துக்காகத் தொழிலைத் தேடாமல், தொழிலை முடிவு செய்த பிறகு மானியத்தைத் தேடுவதே முறை.

அக்னிவீரர்களுக்கு ஒரு சொல். 2022-இல் வந்த அக்னிபத் திட்டத்தில் 4 ஆண்டு முடித்து வெளியேறுவோருக்குச் சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதி வரியின்றிக் கிடைக்கும், ஆனால் ஓய்வூதியமும் இசிஎச்எஸ்ஸும் இல்லை. ஆகவே மேலே சொன்ன முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டை நம்பித் திட்டமிடாமல், துணை ராணுவப் படைகள் அவர்களுக்கெனத் தரும் ஒதுக்கீட்டையும் வயதுத் தளர்வையும் முதலில் பாருங்கள். 22 வயதில் கையில் இருக்கும் அந்தப் பணம் ஒரு பட்டப்படிப்புக்கோ தொழிற்கல்விக்கோ போதும், பைக்குக்கும் போதும். எதற்கு என்பதை வீட்டில் முன்பே பேசிவிடுங்கள்.

வீட்டுக்குள்

ஜவான்கள் இத்தனை ஆண்டுகள் வீட்டில் இருந்ததெல்லாம் 60 நாள் ஆண்டு விடுப்பிலும் 30 நாள் தற்செயல் விடுப்பிலும்தான். அதனால் முதல் இரண்டு மாதங்கள் விடுப்பில் வந்ததைப் போலவே இனிமையாகக் கழியும். மூன்றாவது மாதத்தில்தான், ரேஷன் முதல் பள்ளிக் கட்டணம்வரை கணவர் இல்லாமலே நடத்திப் பழகிய மனைவிக்கும், காலை 5 மணிக்கு எல்லோரையும் எழுப்பிவிடும் கணவருக்கும் உரசல் தொடங்கும். வீட்டு நிர்வாகத்தை முதல் ஓராண்டு மனைவியிடமே விட்டுவிட்டு, உங்களுக்கென்று ஒன்றிரண்டு பொறுப்புகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவது நல்ல தொடக்கம். கேன்டீன் பாட்டில் மாலைப் பொழுதை நிரப்பத் தொடங்கினால் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாமல் பாலிகிளினிக் மருத்துவரிடமே பேசுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு உட்கார்ந்து, பிபிஓ, டிஸ்சார்ஜ் புக், இசிஎச்எஸ் அட்டைகள், காப்பீட்டுச் சான்று, வைப்பு ரசீதுகள் அனைத்தையும் ஒரே கோப்பில் வைத்து, உங்களுக்கு ஏதேனும் நேர்ந்தால் எந்த ரெக்கார்டு ஆபீசுக்கும் எந்த மாவட்ட அலுவலகத்துக்கும் முதலில் தெரிவிக்க வேண்டும் என்பதைத் தமிழில் ஒரு தாளில் எழுதி அதன் மேலே வையுங்கள். ஸ்பர்ஷில் உள்ள மனைவியின் பெயரையும் பிறந்த தேதியையும் அவரையே ஒரு முறை படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.