ஊரே நடத்தும் சுற்றுலா: இன்டாக் சொல்லித்தரும் பாடங்களும் தவிர்க்க வேண்டிய தவறுகளும்

1997 மே மாதம். ஈக்வடார் நாட்டின் வடமேற்கில், இம்பாபுரா மாகாணத்தின் இன்டாக் மலைப்பகுதியில் ஹூனின் என்றொரு சின்ன ஊர். செம்பு தேடி வந்த மிட்சுபிஷியின் துணை நிறுவனம் அங்கே காட்டுக்குள் முகாம் போட்டிருந்தது. சுரங்கம் வந்தால் ஆறும் காடும் போய்விடும், குடும்பங்கள் ஊரைக் காலி செய்ய வேண்டியிருக்கும் என்று தெரிந்ததும் மக்கள் திரண்டு முகாமுக்குப் போனார்கள். உள்ளே இருந்த பொருள்களை ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்டு வெளியே எடுத்து வைத்தார்கள். அப்புறம்தான் கொட்டகைகளுக்குத் தீ வைத்தார்கள். எடுத்த பொருள்களை ஒப்படைத்தும் விட்டார்கள். நிறுவனம் கிளம்பிப் போனது.

சரி, சுரங்கம் வேண்டாம். அப்படியானால் சோற்றுக்கு என்ன வழி? இந்தக் கேள்விக்கு அவர்கள் தேடிய பதில்களில் ஒன்றுதான் ஊர் சேர்ந்து நடத்தும் சுற்றுலா. ஊருக்குச் சொந்தமான காடு, அதற்குள் ஒரு மரவீடு, வழிகாட்டிகளாக உள்ளூர்க்காரர்கள். இதைப் பார்த்து நம் ஊரிலும் செய்யலாமே என்று நினைக்கிறவர்கள் எனக்குத் தெரிந்தே பலர். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தவறு, சுற்றுலாவை மட்டும் நம்பி இறங்குவது. இன்டாக் மக்கள் அப்படிச் செய்யவில்லை. 1998-லேயே காப்பி விவசாயிகள் சங்கம் தொடங்கி, மரநிழலில் வளர்த்த காப்பியை ஏற்றுமதி வரை கொண்டுபோனார்கள். பெண்கள் கற்றாழை மடலிலிருந்து நாரெடுத்து, அலசிக் காயவைத்து, சாயம் ஏற்றிப் பை பின்னி விற்கிறார்கள். ஏன் இத்தனை? 2014-ல் ஈக்வடாரின் அரசுச் சுரங்க நிறுவனமும் சிலி நாட்டின் அரசுச் செம்பு நிறுவனமான கொடெல்கோவும் போலீஸ் பாதுகாப்போடு ஊருக்குள் வந்தன. ஊர்த் தலைவர் ஒருவர் மாதக்கணக்கில் சிறையில் இருந்தார். போலீஸ் நிற்கிற ஊருக்குப் பறவை பார்க்க யார் வருவார்கள்? மழையில் மண் சரிந்து பாதை அடைபட்டாலும் இதே கதைதான். விருந்தாளி வராத மாதத்திலும் அடுப்பு எரிய வேண்டும். சுற்றுலா வருமானத்தைக் கையில் வருகிற மேல்வரும்படியாக வைத்துக்கொண்டால் போராட்டம் தாங்கும். அதையே முழுப் பிழைப்பாக நம்பினால், நிறுவனம் ஒரு வருடம் காத்திருந்தாலே போதும், ஊர் தளர்ந்துவிடும்.

அடுத்தது, நிலத்தை உறுதி செய்யாமல் கட்டடத்தில் பணத்தைப் போடுவது. இன்டாக்கில் 1995-ல் தொடங்கிய டெக்கோயின் என்ற உள்ளூர்ச் சுற்றுச்சூழல் அமைப்பின் துணையோடு காட்டையும் நீரூற்றுப் பகுதிகளையும் ஊர்களின் பெயரிலேயே வாங்கினார்கள். ஆனால் பத்திரம் மட்டும் போதாது. மண்ணுக்கு அடியில் இருக்கும் கனிமம் அந்நாட்டுச் சட்டப்படி அரசுக்குச் சொந்தம். ஆகவே மண்ணுக்கு மேலே என்ன வாழ்கிறது என்ற கணக்கும் ஊரின் கையில் இருக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வழிகாட்டியை வெறும் பாதை காட்டுகிற ஆளாக நினைத்துவிடுகிறார்கள். 1989-க்குப் பிறகு யார் கண்ணிலும் படாததால் அற்றுப்போனதாகக் கருதப்பட்ட நீள்மூக்குத் தேரை ஒன்று, 2016-ல் ஹூனின் காட்டில் மறுபடியும் கண்டுபிடிக்கப்பட்டது. இயற்கைக்கே உரிமை உண்டு என்று 2008-ல் அரசியல் சட்டத்தில் எழுதிய நாடு ஈக்வடார். 2023 மார்ச்சில் இம்பாபுரா மாகாண நீதிமன்றம் அங்கிருந்த சுரங்க உரிமங்களை ரத்து செய்தபோது, இந்தத் தேரையைப் போல அழிவின் விளிம்பில் இருக்கும் தவளை, தேரைகள் வழக்கின் மையத்தில் இருந்தன. தினமும் காட்டுக்குள் போகிற பையனிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, எதை, எங்கே, என்றைக்குப் பார்த்தான் என்று எழுதச் சொல்லுங்கள். பத்து வருடம் கழித்து அந்த நோட்டு நீதிமன்றத்தில் பேசும்.

பணத்தைப் பங்கிடுவதிலும் கவனம் தேவை. சமையல், வழிகாட்டல், கணக்கு எல்லாம் ஒரே குடும்பத்தின் கையில் தங்கிவிட்டால், விடுபட்ட வீடுகளுக்கு மனம் கசக்கும். வேலை தருகிறேன் என்று வருகிற நிறுவனம் முதலில் தட்டுவது அந்த வீட்டுக் கதவைத்தான். முறை வைத்து வேலையைச் சுற்றி விடுங்கள். கணக்கை ஊர்க்கூட்டத்தில் வாசியுங்கள்.

விருந்தாளிகளாகப் போகிறவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சுரங்கம் அண்ணன் தம்பியையே பிரித்துப் போட்ட ஊர்களில், "நீங்கள் எந்தப் பக்கம்?" என்று வந்ததும் வராததுமாகக் கேட்காதீர்கள். அவர்களாகப் பேசினால் கேளுங்கள். நகரத்துத் தரகர் மூலம் போனால் காசில் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடும். நேரடியாக ஊரிடமே பேசிக்கொள்ளுங்கள். அரிய தேரையைப் படமெடுத்தால், இடத்தின் பெயரோடு இணையத்தில் போட வேண்டாம். தவளை, தேரைகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற கைட்ரிட் பூஞ்சை ஈரச்சேற்றில் ஒட்டிக்கொண்டு வரும். அதனால் காட்டுக்குள் இறங்கும் முன் பூட்ஸைத் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவைத்துப் போட்டுக்கொள்ளுங்கள். திரும்பும் வழியில் இன்டாக்கின் சிற்றூரான அபுவேலாவில் ஊர்ச் சங்கத்துக் காப்பித்தூள் ஒரு பை வாங்கிக்கொள்ளுங்கள்.