வயசான ராக் பேண்ட் ஷோவுக்கு டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி என்னென்ன பாக்கணும்

எண்பது வயசுல இவங்களுக்கு எதுக்கு ஸ்டேஜு, வீட்ல உக்காந்து ரெஸ்ட் எடுக்கலாம்லன்னு சொல்றவங்களோட எனக்கு ஒத்தே போகாது. ரோலிங் ஸ்டோன்ஸ் பாடகர் மிக் ஜாகர் 1943ல பொறந்தவர், 2019 ஏப்ரல்ல இதய வால்வு ஆபரேஷன், அதே வருஷம் ஜூன்ல சிகாகோ சோல்ஜர் ஃபீல்டுல ஸ்டேஜ் முழுக்க ஓடிட்டே பாடுறார், அவரை எந்த கணக்குல நிறுத்த சொல்றது? வயசை விடுங்க. உடம்பு மாறினதுக்கு ஏத்த மாதிரி ஷோவை மாத்திருக்காங்களா, இல்ல ஒண்ணும் மாறலன்னு காட்ட டேப்பை, அதாவது முன்னாடியே ரெக்கார்ட் பண்ணி வெச்ச குரலை, ஓட விடுறாங்களா, அதை மட்டும் பாருங்க. இதை வீட்ல இருந்தே கண்டுபிடிச்சிடலாம்.

முதல்ல யூடியூப். பேண்டோட சொந்த சேனல்ல வர்றது வேணாம், அது உக்காந்து மிக்ஸ் பண்ணி சரி பண்ணினது. இப்போ ஓடுற டூர்ல கூட்டத்துல நின்னு யாராவது ஃபோன்ல எடுத்திருப்பாங்க, அதை தேடுங்க, அதுலயும் ஷோ முக்கால்வாசி தாண்டினப்புறம் வர்ற பாட்டு, அங்கதான் தொண்டையும் மூச்சும் உண்மையை சொல்லும். அப்புறம் அதே பாட்டை வேற ஊர்ல எடுத்த வீடியோவையும் உடனே போட்டு கேளுங்க. ஆள் நிஜமா பாடினா ஒரு நாள் இழுப்பார், ஒரு நாள் சுருக்கமா விட்டுடுவார். ரெண்டு ஊர்லயும் மூச்சு எடுக்கிற இடம் கூட அச்சு அசலா ஒண்ணா இருந்தா, மைக் வாயை விட்டு தள்ளிப் போனப்புறமும் குரல் அதே சத்தத்துல வந்தா, டேப்தான். கோரஸ் குரல் டிராக்ல வர்றது இப்போ ரொம்ப சகஜம், அதை நான் பெருசா எடுத்துக்க மாட்டேன். லீட் குரலே டேப்னா அதுக்கு காசு கொடுக்காதீங்க.

அடுத்தது சுருதி. வயசாக ஆக குரல்நாண் தசை மெலியும், வளைஞ்சு கொடுக்காது, நிறைய பேருக்கு மேல் ஸ்தாயி எட்டாம போயிடும், அதனால கிட்டாரை அரை நோட்டோ ஒரு நோட்டோ இறக்கி ட்யூன் பண்ணிப்பாங்க. ஃபோன்ல ட்யூனர் ஆப் போட்டு பாட்டு முடியிற கடைசி கார்டை பிடிச்சா தெரிஞ்சிடும். ஆனா ஆல்பத்துல என்ன சுருதின்னு முதல்ல பாத்துக்கங்க, கன்ஸ் அண்ட் ரோஸஸ் மாதிரி பேண்டெல்லாம் இளவயசுலயே அரை நோட்டு இறக்கித்தான் ரெக்கார்ட் பண்ணாங்க. இறக்கி வாசிக்கிறாங்கன்னா என்னைக் கேட்டா அது நல்ல அறிகுறி, நம்ம கச்சேரில வயசான வித்வான் கட்டையை குறைச்சு பாடினா யாராவது எழுந்து போறோமா என்ன.

யார் மிச்சம் இருக்காங்கன்னும் பாருங்க, தலையை மட்டும் எண்ணாதீங்க, போனவர் என்ன வேலை பாத்தார், அந்த இடத்துக்கு யார் வந்திருக்காங்கன்னு பாக்கணும். ஏசி டிசி பேண்டுல மால்கம் யங் 2014ல மறதி நோயால விலகினப்போ ரிதம் கிட்டாருக்கு வந்தது அவரோட அண்ணன் பையன் ஸ்டீவி. ஜெனிசிஸ் பேண்டோட கடைசி டூர்ல, டிரம்மராவும் பாடகராவும் இருந்த ஃபில் காலின்ஸால டிரம்ஸ் குச்சியை சரியா பிடிக்க முடியல, நாற்காலில உக்காந்து பாடினார், டிரம்ஸ்ல அவர் மகன் நிக், 2022 மார்ச்ல லண்டன்ல முடிச்சாங்க. எதையும் மறைக்கல. எனக்கு ரொம்ப பிடிச்ச உதாரணம் அயர்ன் மெய்டன் பேண்டோட டிரம்மர் நிக்கோ மெக்பிரெய்ன், 2023 ஜனவரில ஸ்ட்ரோக் வந்து உடம்போட ஒரு பக்கம் விழுந்துபோச்சு, அந்த வருஷம் மே மாசமே டூருக்கு வந்துட்டார், பழைய வேகத்துல கை போகாத இடங்களை எல்லாம் மாத்தி வாசிச்சார், இதுக்கு மேல சரியா வராதுன்னு தோணினதும் 2024 டிசம்பர்ல சாவோ பாலோ ஷோவோட டூர்ல இருந்து விலகிக்கிட்டார். எப்படி தொடரணும் எப்போ நிறுத்தணும்னு ரெண்டையும் அந்த ஒரு ஆள்கிட்ட கத்துக்கலாம்.

நடக்கவே முடியாதவர் ஸ்டேஜ் ஏறலாமான்னு கேட்டா, ஏறலாம். 2025 ஜூலை 5, பர்மிங்காம் வில்லா பார்க், பார்கின்சன் நோயோட பிளாக் சாபத் பேண்டோட பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் ஒரு பெரிய சிம்மாசனத்துல உக்காந்து மொத்தம் ஒன்பது பாட்டு பாடினார், தனியா அஞ்சு, பிளாக் சாபத் கூட நாலு. குரல் சில இடத்துல தடுமாறுது, கூட்டம் சேர்ந்து பாடுது. ஜூலை 22ல அவர் போயிட்டார். அந்த ராத்திரியை வேணாம்னு சொல்ல எனக்கு மனசு வராது.

டூர் தேதிகளையும் ஒரு தடவை வரிசையா பாருங்க, ஷோவுக்கு ஷோ நடுவுல மூணு நாலு நாள் விட்டிருந்தா பாடகருக்கு தொண்டை தேற நேரம் இருக்கு, தினமும் ஒரு ஊர்னா வரிசைல முன்னாடி வர்ற ஊரா பாத்து எடுங்க. 'ஃபேர்வெல்', அதாவது இதுதான் கடைசி டூர்னு போஸ்டர்ல இருக்குங்கிறதுக்காக மட்டும் பதறி வாங்காதீங்க, மோட்லி க்ரூ இனிமே டூரே போக மாட்டோம்னு பத்திரத்துல கையெழுத்து போட்டு 2015 டிசம்பர் 31ல முடிச்சாங்க, 2019ல திரும்ப வர்றோம்னு அறிவிச்சுட்டாங்க. இதுக்கு நேர் எதிர் ஏரோஸ்மித், 2023 செப்டம்பர்ல விடைபெறும் டூரை ஆரம்பிச்சு மூணே ஷோல பாடகர் ஸ்டீவன் டைலருக்கு குரல்வளை அடிபட்டு, 2024 ஆகஸ்ட்ல மொத்த டூரும் கேன்சல். டிக்கெட் காசு பெரும்பாலும் திரும்ப வந்துடும், ஃப்ளைட்டும் ஹோட்டலும் வராது, அதனால வெளியூர் ஷோன்னா அது ரெண்டையும் கேன்சல் பண்ணா காசு திரும்ப கிடைக்கிற மாதிரியே புக் பண்ணுங்க, கொஞ்சம் கூட ஆனாலும் பரவாயில்ல.