பூவில் இருக்கும் மகரந்தம் திரையில் ஏன் காணாமல் போகிறது? வீட்டில் இயற்கைப் படம் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிஸ்னிநேச்சரின் 'விங்ஸ் ஆஃப் லைஃப்' படத்தை வீட்டில் முதல் முறை போட்டுப் பார்த்தபோது, தேனீயின் உடம்பில் ஒட்டியிருந்த மகரந்தம் மஞ்சள் சாயம் தடவியது போலத்தான் தெரிந்தது. கொஞ்ச நாள் கழித்து அதே டிஸ்க்கை அதே டிவியில் மறுபடி போட்டேன். இடையில் டிவி மெனுவுக்குள் போய் இரண்டு வசதிகளை அணைத்திருந்தேன், அவ்வளவுதான். இந்த முறை அந்தச் சாயம் தூள் தூளாகப் பிரிந்தது. தேனீயின் மேல் இருக்கும் மென்மயிர் ஒவ்வொன்றிலும் மணி மணியாக மகரந்தம் தொங்கிக்கொண்டிருந்தது. படத்தில் எப்போதும் இருந்ததுதான் அது. என் டிவிதான் அதை எனக்குக் காட்டாமல் வைத்திருந்தது.

படத்தைப் பற்றி இரண்டு வரி. இயக்கியவர் லூயி ஷ்வார்ட்ஸ்பெர்க். பூக்கள் மலர்வதை டைம்லாப்ஸ் முறையில் (இடைவெளி விட்டு விட்டு எடுத்து, வேகமாக ஓட்டிக் காட்டுவது) முப்பது ஆண்டுக்கும் மேலாக இரவு பகலாகப் படம் பிடித்து வருபவர். 2011-ல் பிரான்ஸில் 'பொல்லென்' என்ற பெயரில் தியேட்டருக்கு வந்தது. அமெரிக்காவில் 2013 ஏப்ரலில் டிவிடி, புளூரேயாக வெளியானது. தேனீ, பட்டாம்பூச்சி, ஹம்மிங்பேர்ட் என்கிற ரீங்காரச் சிட்டு, வௌவால் ஆகிய நால்வரும்தான் நாயகர்கள். ஆங்கிலப் பதிப்பில் மெரில் ஸ்ட்ரீப் ஒரு பூவாக மாறிக் கதை சொல்கிறார்.

இந்தப் படத்தில் பார்க்க வேண்டியதெல்லாம் மிகச் சின்னது, மிக வேகமானது, இல்லையென்றால் மிக மெதுவானது. நம் டிவிகளில் கடையிலிருந்து வரும்போதே போட்டிருக்கும் 'மேம்படுத்தும்' வசதிகள் முதலில் கைவைப்பது இந்த மூன்றின் மேல்தான். அதனால் வேறு எந்தப் படத்தையும் விட இந்த வகைப் படத்தில் தவறான செட்டிங் அதிகம் சேதம் செய்யும்.

நாய்ஸ் ரிடக்ஷன்: முதல் எதிரி

டிவியின் நாய்ஸ் ரிடக்ஷன் என்ன செய்கிறது? படத்தில் அங்கங்கே சின்னச் சின்னப் புள்ளிகள் ஒழுங்கில்லாமல் துடித்தால், அதை இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு பக்கத்து நிறத்தோடு கலந்து மழுக்கிவிடும். பழைய கேபிள் ஒளிபரப்புக்கு அது உபயோகம்தான். ஆனால் மகரந்தம் என்பதே சின்னச் சின்னப் புள்ளிகள்! தேனீ பூவை விட்டுக் கிளம்பும்போது உதிரும் தூளும், காற்றில் மிதந்துபோகும் மணிகளும் ஒழுங்கில்லாமல் துடிக்கும் புள்ளிகள்தாம். எது இரைச்சல், எது மகரந்தம் என்று டிவிக்குத் தெரியாது. இரண்டையும் சேர்த்துத் துடைத்துவிடும்.

மெனுவில் இது நாய்ஸ் ரிடக்ஷன், எம்பெக் நாய்ஸ் ரிடக்ஷன், டிஜிட்டல் கிளீன் வியூ என்று வேறு வேறு பெயரில் ஒளிந்திருக்கும். எல்லாவற்றையும் 'ஆஃப்' செய்யுங்கள். 'ஆட்டோ' என்று விட்டால் போதாது. புளூரே பிளேயருக்குள்ளும் இதே வசதி தனியாக இருக்கலாம், அதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

இதோடு ஒட்டிய தவறு ஷார்ப்னஸை ஏற்றுவது. கிட்டத்தில் எடுக்கும் மேக்ரோ காட்சியில் ஃபோகஸ் ஆகும் ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாமல் போகலாம். தேனீயின் கண் தெளிவாக இருந்தால் பின்னங்கால் மங்கித்தான் இருக்கும். அது லென்ஸின் இயல்பு. 'படம் கொஞ்சம் மொழுக்கென்று இருக்கிறதே' என்று ஷார்ப்னஸைக் கூட்டினால் மங்கிய இடம் தெளிவாகாது. தெளிவாக இருக்கும் மயிரைச் சுற்றி வெள்ளைக் கோடுதான் விழும். தேனீயின் உணர்கொம்பையோ பூவின் சூலகத் தண்டையோ உற்றுப் பாருங்கள். பக்கத்தில் வெளிறிய இரட்டைக் கோடு தெரிந்தால் ஷார்ப்னஸ் அதிகம். அந்தக் கோடு மறையும்வரை குறையுங்கள். சில டிவியில் பூஜ்யம் சரியான அளவு, சிலதில் நடுவில் 50. எண்ணைப் பார்க்காதீர்கள், கோட்டைப் பாருங்கள்.

சிறகடிப்பைக் கெடுக்கும் மோஷன் ஸ்மூத்திங்

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ரீங்காரச் சிட்டு பறந்தபடியே தேன் குடிக்கும்போது நொடிக்கு ஏறத்தாழ 50 முறை சிறகடிக்கும். படம் திரையில் ஓடுவது நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள். ஒரே ஒரு சிறகடிப்பைத் திரையில் ஒரு நொடிக்கு நீட்டிக் காட்ட வேண்டுமென்றால் நொடிக்கு 1,200 பிரேம் எடுக்க வேண்டும். அந்த வேகத்தில் ஒவ்வொரு பிரேமுக்கும் வெளிச்சம் வாங்க 1,200-ல் ஒரு பங்கு நொடிக்கு மேல் நேரமில்லை. அவ்வளவு பாடுபட்டு எடுத்த பிரேம்களுக்கு நடுவில்தான் டிவி தானாகவே கற்பனை செய்த பிரேம்களைச் செருகுகிறது. அதுதான் மோஷன் ஸ்மூத்திங். எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ, சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ் அல்லது பிக்சர் கிளாரிட்டி என்று பெயர்.

தேனீயின் சிறகு கண்ணாடி போல ஒளி ஊடுருவுவது. அதன் வழியே பின்னாலுள்ள இதழும் தெரியும். முன்னால் அசைவது எது, பின்னால் நிற்பது எது என்று டிவி தடுமாறும். சிறகின் ஓரத்தில் கானல்நீர் போல ஒரு நெளிவு வரும், சிறகு இதழைக் கிழித்துக்கொண்டு போவது போலத் தெரியும். இதைப் பார்த்துவிட்டு 'டிஸ்க் சரியில்லை' என்று முடிவு கட்டியவர்கள் எத்தனையோ பேர். ஸ்மூத்திங்கை அணைத்துவிட்டு அதே காட்சியை மறுபடி பாருங்கள், டிஸ்க் நன்றாகத்தான் இருக்கும்.

பூ மலரும் காட்சிகளுக்கும் இதேதான். இருபது நிமிடத்துக்கு ஒரு பிரேம் என்று இரண்டு நாள் எடுத்தால் மொத்தம் 144 பிரேம், திரையில் ஆறே நொடி. பிரேமுக்குப் பிரேம் இதழ் ஒரு துள்ளல் துள்ளித்தான் விரியும். அந்தச் சின்னத் துள்ளலில்தான் செடிக்கு உயிர் இருப்பது தெரிகிறது. அதை வழவழப்பாக்கினால் கம்ப்யூட்டரில் வரைந்த பூ மாதிரி ஆகிவிடுகிறது.

புளூரே பிளேயரில் '1080பி 24' என்றொரு தேர்வு இருக்கும். அதை ஆன் செய்யுங்கள். இல்லாவிட்டால் 24 பிரேமை 60-ஆக நீட்டுவதற்கு ஒரு பிரேமை இரண்டு முறையும் அடுத்ததை மூன்று முறையும் காட்டும். கேமரா மெதுவாக நகரும் இடங்களில் படம் விக்கி விக்கிப் போகும்.

நிறத்தை ஏற்றினால் பூ கெடும்

விவிட் அல்லது டைனமிக் மோடில் பூக்கள் கண்ணைப் பறிக்கும், உண்மைதான். ஆனால் மஞ்சள் இதழ் மேல் மஞ்சள் மகரந்தம் கிடக்கும்போது இரண்டுக்கும் உள்ள சின்ன வித்தியாசம்தான் நமக்கு வேண்டியது. நிறத்தை உச்சத்துக்கு ஏற்றினால் இரண்டும் ஒரே மஞ்சளாக அப்பிக்கொள்ளும். செம்பருத்தி மாதிரிச் சிவப்புகளில் இன்னும் மோசம். டிவிடியிலும் புளூரேயிலும் நிற விவரம் வெளிச்ச விவரத்தின் கால் பங்கு நுணுக்கத்தில்தான் பதிவாகிறது. ஏற்கெனவே கம்மியாக இருப்பதை ஏற்றும்போது இதழின் நரம்புகள் கரைந்துபோகும்.

எங்கள் மொட்டைமாடியில் பூசணிக்கொடி இருக்கிறது. ஒரு நாள் காலை ஆறு மணிக்கு ஆண் பூ ஒன்றைப் பறித்துக்கொண்டு வந்து டிவிக்குப் பக்கத்தில் வைத்தேன். பூசணி மகரந்தம் மற்றப் பூக்களை விடப் பெரியது, ஒரு மணி மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கும். விரலில் ஒட்டினால் மணிகளை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். கையிலிருந்த பூவின் இதழ் ஓரத்தில் லேசான பச்சை, நடுவில் காவி கலந்த மஞ்சள், தூளில் கொஞ்சம் ஆரஞ்சு. திரையில் விவிட் மோடில் இருந்த மஞ்சள் பூக்களில் இந்த அடுக்கு எதுவுமே இல்லை, எல்லாம் எலுமிச்சை மஞ்சள். மூவி மோடுக்கு மாற்றியதும் அடுக்குகள் ஒவ்வொன்றாக வந்தன.

மூவி, சினிமா, அல்லது புதிய டிவிகளில் ஃபிலிம்மேக்கர் மோட், இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஃபிலிம்மேக்கர் மோட் 2019-ல் அறிவிக்கப்பட்டது. ஸ்மூத்திங், ஷார்ப்னஸ் ஏற்றம் எல்லாவற்றையும் ஒரே தேர்வில் அணைத்துவிடும். கலர் டெம்பரேச்சர் 'வார்ம்' என்றிருக்கட்டும். முதல் பத்து நிமிடம் படம் மஞ்சளாக இருப்பதாகத் தோன்றும், அப்புறம் கண் பழகிவிடும். 'கூல்' என்று வைத்தால் பாலைவனத்தில் வளரும் சகுவாரோ கள்ளியின் பால் வெள்ளைப் பூ சொட்டுநீலம் போட்ட துணி போல ஆகிவிடும்.

அந்தக் கள்ளிப்பூ இரவில் மலர்ந்து மறுநாள் பிற்பகலுக்குள் மூடிக்கொள்வது. இரவில் வௌவால் வந்து மூக்கை நுழைத்துத் தேன் குடிக்கும் காட்சியில் இன்னொரு தவறு செய்வோம்: இருட்டாக இருக்கிறதே என்று பிரைட்னஸைக் கூட்டுவது. கருப்பு சாம்பலாகும், இரைச்சல் மேலே வரும், வௌவாலின் உருவம் பின்னணியோடு கரையும். பிரைட்னஸைத் தொடாமல் ட்யூப்லைட்டை அணையுங்கள். டிவிக்கு எதிர்ச் சுவரில் இருக்கும் லைட்டை முதலில் அணைக்க வேண்டும், அதுதான் திரையில் விழுகிறது.

எதில் பார்க்கிறோம் என்பதும் முக்கியம்

டிவிடியில் ஒரு பிரேமுக்கு 720 x 480 புள்ளிகள், அதாவது சுமார் மூன்றரை லட்சம். புளூரேயில் 1920 x 1080, இருபது லட்சத்துக்கு மேல். ஆறு மடங்கு. 55 அங்குல டிவியில் டிவிடியைப் போட்டுவிட்டு 'படத்தின் தரம் சுமார்' என்று சொல்வது நியாயமில்லை. பேசும் முகங்கள் உள்ள படத்துக்கு டிவிடி ஓரளவு தாங்கும், மகரந்தத்துக்குத் தாங்காது.

ஸ்ட்ரீமிங்கில் ஹெச்டி என்று போட்டிருந்தாலே புளூரே தரம் என்று நினைப்பது பரவலான தவறு. புள்ளிகளின் எண்ணிக்கை ஒன்றுதான், அவற்றை விவரிக்க ஒதுக்கும் டேட்டா வேறு. புளூரேயில் வீடியோவுக்கு மட்டும் நொடிக்கு 40 மெகாபிட் வரை போகலாம். ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள் ஹெச்டிக்குக் கேட்கும் இணைய வேகமே 5 மெகாபிட் அளவில்தான். ஸ்ட்ரீமிங்கில் டேட்டாவைச் சுருக்கும் முறை புதியது, திறமையானது. பல படங்களில் வித்தியாசம் தெரியாது. ஆனால் சுருக்கும் முறை எதுவாக இருந்தாலும் அது நம்பியிருப்பது, போன பிரேமில் இருந்தது இந்தப் பிரேமிலும் இருக்கும் என்பதைத்தான். மெக்ஸிகோ மலைக்காடுகளில் குளிர்காலத்தைக் கழிக்கும் மொனார்க் பட்டாம்பூச்சிகள் ஒரே நேரத்தில் மேலெழும்பும்போது ஆயிரக்கணக்கான சிறகுகள் ஆளுக்கொரு திசையில் அடிக்கும். எந்தப் புள்ளியும் போன பிரேமில் இருந்த இடத்தில் இல்லை. டேட்டா பற்றாமல் படம் கட்டம் கட்டமாக உடையும். உங்கள் இணைப்பு போதுமா என்று சோதிக்க இதைவிட நல்ல காட்சி கிடையாது.

ஆப்பில் டேட்டா சேவர் ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். போன் ஹாட்ஸ்பாட்டில் பார்ப்பதைத் தவிர்த்து, முடிந்தால் ரூட்டரிலிருந்து கேபிள் போட்டுவிடுங்கள். பூவுக்குப் பின்னால் மங்கலாக இருக்கும் பச்சைப் பரப்பில் படிப்படியாக வளையங்கள் தெரிகின்றனவா? அதுவும் பெரும்பாலும் டேட்டா குறைந்ததன் அடையாளம்தான்.

வெளிநாட்டு டிஸ்க் வாங்குபவர்கள் பின்னட்டையைப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம். புளூரேயில் அமெரிக்கா ஏ மண்டலம், ஐரோப்பா பி, இந்தியா சி. டிவிடியில் அமெரிக்கா 1, இந்தியா 5. மண்டலம் பூட்டிய டிஸ்க் நம் பிளேயரில் ஓடாது.

குறையில்லாததைக் குறை என்று சொல்வது

ஒரு காட்சி கண்ணாடி போல இருக்கிறது, அடுத்தது லேசாகப் பொரிப்பொரியாக இருக்கிறது. உடனே டிஸ்க்கைத் திட்ட வேண்டாம். பல ஆண்டுகளில், பல கேமராக்களில், பல வெளிச்சங்களில் எடுத்ததைக் கோத்துச் செய்யும் படங்கள் இவை. அதிவேகக் காட்சியில் வெளிச்சம் பற்றாததால் இருண்ட பகுதியில் இரைச்சல் வரும் என்பது மேலே போட்ட கணக்கிலேயே இருக்கிறது. டைம்லாப்ஸில் வெளிச்சம் லேசாக மினுக்கினால், மேகம் வந்து போயிருக்கும். ஒலிக்கும் இது பொருந்தும். அதிவேகத்தில் எடுத்த காட்சிக்குக் கூடவே பதிவான ஒலி என்று பயன்படுத்த ஒன்றும் இருக்காது. நாம் கேட்கும் சிறகோசை பிறகு சேர்த்தது. இசைக்குள் கதை சொல்லும் குரல் அமுங்கினால், பிளேயரில் ஒலியை ஸ்டீரியோ பிசிஎம் என்று மாற்றிப் பாருங்கள்.

உட்காரும் தூரத்தையும் மறக்க வேண்டாம். 55 அங்குலத் திரைக்கு ஏழடிதான் கணக்கு. பன்னிரண்டு அடி தள்ளி சோபாவில் சாய்ந்துகொண்டால் புளூரேயில் இருக்கும் நுணுக்கம் முழுவதையும் கண்ணால் பிரிக்க முடியாது. இந்தப் படத்துக்கு மட்டுமாவது நாற்காலியை முன்னால் இழுத்துப் போடுங்கள்.

கடைசியாக, பலரும் கோட்டை விடும் ஓர் இடம். பல டிவிகள் பிக்சர் செட்டிங்கை ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனியாகத்தான் நினைவில் வைக்கும். புளூரே பிளேயர் செருகியிருக்கும் ஹெச்டிஎம்ஐ 1-ல் எல்லாவற்றையும் சரிசெய்திருப்பீர்கள். அதே படத்தை டிவியிலுள்ள ஆப்பில் திறந்தால் நாய்ஸ் ரிடக்ஷனும் விவிட் மோடும் பழையபடி உட்கார்ந்திருக்கும். ஆப்பில் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மெனுவைத் திறந்து எல்லாவற்றையும் இன்னொரு முறை அணையுங்கள். டிவி சாஃப்ட்வேர் அப்டேட் ஆன பிறகும் ஒரு தடவை போய்ப் பாருங்கள்.