தையல் தெரியாதவர்களும் கட்டலாம்: ஸ்காட்லாந்தின் பெரிய கில்ட்

கில்ட் என்றதும் இடுப்பிலிருந்து முழங்கால் வரை வரும் மடிப்புப் பாவாடைதான் நம் நினைவுக்கு வருகிறது. அது பிற்காலத்து வடிவம். 16-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஸ்காட்லாந்து மலைநாட்டு ஆண்கள் உடுத்தியது, இடுப்பையும் தோளையும் சேர்த்து மூடும் ஒரே நீளத் துணி. பகலில் உடை, மழையில் போர்வை, இரவில் படுக்கை. வரலாற்று நாடகத்துக்கு முதன்முறை கில்ட் கட்டுகிறவர்கள் இதிலிருந்து தொடங்குங்கள். தைக்க ஒன்றுமில்லை, பெல்ட் ஒன்றே எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும்.

துணி. 4 முதல் 5 கஜம் நீளம், 54 முதல் 60 அங்குலம் அகலம். அந்தக் காலத் தறிகள் குறுகலானவை என்பதால் இரண்டு துண்டுகளை நீளவாக்கில் இணைத்தார்கள். கம்பளித் துணிதான் நல்லது. பாலியெஸ்டர் வழுக்கும், மடிப்பு பெல்ட்டுக்குள் நிற்காது. டார்ட்டன் எனப்படும் ஸ்காட்லாந்துக் கட்டம் உங்களுக்குப் பிடித்ததாக இருக்கட்டும். இன்ன குலத்துக்கு இன்ன டார்ட்டன் என்ற ஒழுங்கு 19-ஆம் நூற்றாண்டில்தான் உறுதிப்பட்டது.

கட்டும் முறை. முதலில் நீளச் சட்டை, காலுறை, காலணி எல்லாவற்றையும் போட்டுக்கொள்ளுங்கள். கில்ட் கட்டியபின் குனிவது சிரமம்.

அகலமான தோல் பெல்ட்டைத் தரையில் நீட்டி வைத்து, துணியின் நீளமும் பெல்ட்டின் நீளமும் ஒரே திசையில் இருக்கும்படி அதன்மேல் துணியை விரியுங்கள். பெல்ட்டிலிருந்து துணியின் கீழ்க்கரை வரை உள்ள அளவு, உங்கள் இடுப்பிலிருந்து முழங்கால் நடுப்பகுதி வரை உள்ள அளவாக இருக்கட்டும். மீதி முழுவதும் பெல்ட்டுக்கு மேலே.

இனி மடிப்பு. இரு முனைகளிலும் முன்வயிற்றை மறைக்கும் அளவுக்குத் துணியை மடிக்காமல் விடுங்கள். நடுப்பகுதியைச் சேலைக்குக் கொசுவம் வைப்பதுபோல ஒரே திசையில் அடுக்குங்கள். டார்ட்டனின் செங்குத்துக் கோடு ஒன்றைத் தேர்ந்துகொண்டு ஒவ்வொரு மடிப்பிலும் அதே கோடு விளிம்பில் வரச்செய்தால் அளவு தானாகவே சீராகும். அடுக்கி முடித்ததும் மடிப்புகளின் மொத்த அகலம் உங்கள் பின்னிடுப்பின் அகலத்துக்குச் சரியாக வர வேண்டும். இந்தப் படியில் மட்டும் அவசரம் வேண்டாம்.

பெல்ட் இடுப்புக்கு நேராக வரும்படி மடிப்புகள்மேல் மல்லாந்து படுங்கள். வலப்பக்க முனையை முதலில் வயிற்றின்மேல் போட்டு, இடப்பக்க முனையை அதன்மேல் போட்டு, பெல்ட்டை இறுக்கமாக மாட்டி எழுந்திருங்கள். மேல்பாதி பெல்ட்டுக்கு வெளியே சரிந்து தொங்கும். அதன் முன்முனைகளைப் பக்கவாட்டில் பெல்ட்டுக்குள் செருகினால் இரண்டு பெரிய பைகள் கிடைத்துவிடும். முதுகுப் பக்கத் துணியை இடத்தோளுக்கு ஏற்றி ஊசியால் குத்துங்கள், வலக்கை வீச்சுக்குத் தடையில்லாமல் இருக்கும்.

கதையின் காலத்தைப் பாருங்கள். மலைநாட்டுக் கிளர்ச்சியாளர்கள் பிரிட்டிஷ் அரசுப் படையிடம் தோற்ற கல்லோடன் போருக்குப் பின் 1746-இல் வந்த சட்டம் ஸ்காட்லாந்தில் இந்த உடையைத் தடை செய்தது. மீறினால் 6 மாதச் சிறை, மறுபடி பிடிபட்டால் 7 ஆண்டு நாடுகடத்தல். 1782-இல்தான் தடை நீங்கியது. உங்கள் நாடகம் அந்த இடைக்காலத்து ஸ்காட்லாந்தில் நடந்தால், தடையிலிருந்து விலக்குப் பெற்ற பிரிட்டிஷ் படையின் மலைநாட்டுப் படைவீரனுக்கு மட்டும் இதைக் கட்டுங்கள். குடியானவனுக்குக் கால்சட்டை கொடுங்கள்.

திருமணத்துக்கு என்றால் பெல்ட்டுக்குக் கீழே மட்டும் வரும் சின்ன கில்ட்தான் பொருத்தம். அதற்கு வழக்கமாக 8 கஜம் துணி பிடிக்கும், மடிப்புகளையும் தைத்து நிறுத்த வேண்டும். புதியவர்கள் அதை வாடகைக்கு எடுப்பதே நல்லது. கில்ட் ஊசியை மட்டும் கவனியுங்கள்: முன்பக்கத்தின் வலப்பக்கக் கீழ்முனையில், மேலே வரும் துணி அடுக்கில் மட்டும் குத்த வேண்டும். அடியிலுள்ள அடுக்கையும் சேர்த்துக் குத்தினால் நடக்கும்போது துணி இழுபட்டுக் கிழியும்.