களிமண்ணில் ஒரு அம்மோனைட்: வீட்டிலேயே புதைபடிவக் கலை

அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு அரியலூர் போயிருந்தேன். வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்தில் சுருள் சுருளாக இருந்த அம்மோனைட்டுகளை, அதாவது அழிந்துபோன ஒரு கடலுயிரின் ஓட்டுப் படிவங்களை, விட்டு அவன் நகரவே மாட்டேன் என்றான். திருநெல்வேலி திரும்பும் வழியெல்லாம் ஒரே கேள்வி: "சித்தி, நம்ம ஊர்ல இது கெடைக்காதா?"

நம் சீமையின் பெரும்பகுதி, பூமிக்கு அடியில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறிய பாறை. 50 கோடி ஆண்டுகளுக்கும் முந்தையது. அப்படி வெந்த கல்லில் சிப்பியின் தடமோ இலையின் தடமோ தங்காது. அரியலூர்ப் பக்கமோ, டைனோசர்கள் வாழ்ந்த கிரீட்டேசியஸ் காலத்தில் கடல் இருந்தது. அந்தக் கடலடிச் சேறும் சுண்ணாம்பும்தான் இன்று பாறையாக நிற்கின்றன. ஆனால் களிமண்ணுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. புதைபடிவம் எப்படி உண்டாகிறதோ, அதே வழியில் கையால் ஒன்று செய்து பார்க்கலாம் என்று உட்கார்ந்தோம். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் பிடிபட்டதை எழுதுகிறேன்.

தேவையானவை

களிமண், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், தேங்காய் எண்ணெய், சப்பாத்திக்கட்டை, ஈர்க்குச்சி, ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பா. களிமண்ணை நாங்கள் சேரன்மகாதேவி பக்கம் காருகுறிச்சியில், பானை செய்கிறவர் ஒருவரிடம் கேட்டு வாங்கினோம். மிதித்துப் பதமாக்கிய மண் என்பதால் கல்லும் வேரும் இல்லை. குளத்து மண்ணை நீங்களே எடுத்தால், நீரில் கரைத்து, சல்லடையில் வடித்து, தெளிய விட்டு, அடியில் தங்குவதைத் துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். இரண்டு மூன்று நாளில் சப்பாத்தி மாவுப் பதத்துக்கு வந்துவிடும்.

சிப்பி வேண்டுமென்றால் மணப்பாடு, உவரி, திருச்செந்தூர்க் கரையில் கிடக்கும் சாதாரண வெற்றுச் சிப்பிகளில் நாலைந்து போதும். உயிரோடு இருப்பதைத் தொடாதீர்கள். பவளத்தையும் எடுக்காதீர்கள். பவளமும் சில வகைச் சங்குகளும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன.

முதலில் ஒரு இலை

கை பழகுவதற்கு இலைதான் சுலபம். களிமண்ணை ஒரு விரல் கனத்துக்குத் தேய்த்துக்கொள்ளுங்கள். இலையின் நரம்பு புடைத்திருக்கும் அடிப்பக்கம் மண்ணைத் தொடும்படி வைத்து, கட்டையால் ஒரே ஒரு முறை உருட்டி, காம்பைப் பிடித்து மெல்ல உரியுங்கள். எங்களுக்கு அழகாக வந்தது புளிய இலை. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துப் பாறைகளில் கிடைக்கும் தாவரப் படிவங்களிலும் இப்படி நடு ஈர்க்கின் இரு பக்கமும் சிற்றிலைகள் வரிசை கட்டி நிற்கும். குற்றாலத்துப் பக்கம் போனால் உதிர்ந்து கிடக்கும் பெரணி இலை ஒன்றை எடுத்து வாருங்கள்.

அச்சும் வார்ப்பும்

இந்த வேலையின் உயிரே இந்தப் படிதான், கொஞ்சம் நிதானமாகச் செய்யுங்கள்.

கடலடியில் ஒரு சிப்பி விழுகிறது. சேறு மூடுகிறது. சேறு இறுகிக் கல்லாகிறது. உள்ளே இருக்கும் சிப்பி காலப்போக்கில் கரைந்துபோக, அதன் வடிவத்தில் ஒரு வெற்றிடம் மட்டும் நிற்கிறது. அது அச்சு. அந்த வெற்றிடத்தில் வேறு கனிமம் வந்து நிறைந்தால் அது வார்ப்பு. இனி நாம் செய்யப்போவதும் இதேதான்.

ஒரு தட்டில் இரண்டு விரல் கனத்துக்குக் களிமண்ணைப் பரப்புங்கள். சிப்பியின் வெளிப்பக்கத்தில் தேங்காய் எண்ணெயை மிக மெல்லியதாகத் தடவி, நேராக அழுத்தி, நேராகவே தூக்குங்கள். ஆட்டி எடுத்தால் விளிம்பு மழுங்கிவிடும். முழுச் சங்கை அமுக்க ஆசை வரும், ஆனால் அதன் வளைவு மண்ணுக்குள் கொக்கி போட்டுக்கொள்ளும். பாதி வரை அமுக்கினால் போதும். பள்ளத்தைச் சுற்றிக் களிமண்ணாலேயே ஒரு வரப்பு கட்டுங்கள்.

டப்பாவில் ஒரு பங்கு தண்ணீர், அதற்கு இரண்டு பங்கு பிளாஸ்டர். தண்ணீரில்தான் தூளைப் போட வேண்டும், தூளில் தண்ணீரை ஊற்றினால் கட்டி தட்டும். தூவிக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் தூள் மூழ்காமல் தீவுபோல மேலே நிற்கும். ஒரு நிமிடம் ஊறவிட்டு, குமிழி வராமல் மெல்லக் கலக்கி, பள்ளத்தின் ஓரத்திலிருந்து ஊற்றுங்கள். தட்டை இரண்டு தட்டு தட்டினால் அடங்கியிருக்கும் காற்று வெளியேறும்.

கொஞ்ச நேரத்தில் அது சூடாகும். குழந்தைகள் கையை உள்ளே விட்டுக்கொண்டிருக்கக் கூடாது, தோல் வெந்துவிடும். பிளாஸ்டர் என்பது ஜிப்சம் என்னும் கனிமத்தைச் சுட்டு, அதன் நீரில் பெரும்பகுதியைப் போக்கிய தூள். நீர் சேர்ந்ததும் அது மறுபடி ஜிப்சமாகிறது, அந்தச் சூடுதான் கையில் தெரிவது. அரியலூர், பெரம்பலூர் பக்கத்தில் காரை என்னும் ஊரையொட்டிய களிமண் பகுதியில் அம்மோனைட்டுகள் கிடைக்கும் அதே மண்ணில் ஜிப்சமும் வெயிலில் மினுங்கிக்கொண்டு கிடக்கிறது! ஒரு மணி நேரம் விட்டுக் களிமண்ணை உரித்துவிடுங்கள். மீந்த பிளாஸ்டரைக் கழுவுதொட்டியில் கொட்டினால் குழாய் அடைத்துவிடும், குப்பையில் போடுங்கள்.

அம்மோனைட்

இதற்கு அமுக்க ஓடு கிடைக்காது. அந்த இனமே 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்களோடு சேர்ந்து அழிந்துவிட்டது. தூத்துக்குடி மீன் சந்தையில் பார்க்கும் கணவாய்க்கு அது தூரத்துச் சொந்தம். ஓட்டுக்குள் அறை அறையாகத் தடுத்திருக்கும். உயிர் குடியிருந்தது கடைசி அறையில் மட்டும், மற்றவை மிதப்பதற்கு.

களிமண்ணைக் கயிறாகத் திரியுங்கள். ஒரு முனை கட்டைவிரல் கனம், மறு முனை ஈர்க்குச்சி கனம். மெல்லிய முனையிலிருந்து சுருட்டிக்கொண்டு வாருங்கள். கயிறு முழுக்க ஒரே கனமாக இருந்தால் முறுக்காகிவிடும். உயிர் வளர வளர ஓடும் அகன்றது என்பதை அந்தக் கனம்தான் காட்டுகிறது. சுற்றுகள் தொடும் இடத்தில் தண்ணீரில் குழைத்த களிமண்ணைப் பூசி ஒட்டுங்கள். பிறகு ஈர்க்குச்சியைப் படுக்க வைத்து, வெளி விளிம்பிலிருந்து நடுவை நோக்கி வரி வரியாக அமுக்குங்கள். உள்ளே போகப் போக வரிகள் நெருங்க வேண்டும்.

முதல் சுருளைப் பார்த்ததும் எங்கள் ஆச்சி கையில் வாங்கித் தடவினார். "இது சாளக்கிராமம் மாதிரில்லா இருக்கு!" என்றார். சரியாகத்தான் சொன்னார். நேபாளத்துக் கண்டகி நதியிலிருந்து வருகிற, பெருமாளாக வைத்துப் பூஜிக்கிற சாளக்கிராமக் கற்களில் தெரியும் சக்கரம் அம்மோனைட்டின் சுருள்தான். அதன் பிறகு பேரன் செய்வதை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தார்.

காயவைத்தலும் நிறமும்

நிழலில் நாலைந்து நாள் காயவிடுங்கள். எங்களுக்கு முதல் சுருள் விரிசல் விட்டது ஆடிக் காற்றில். ஒரு பக்கம் மட்டும் வேகமாகக் காய்ந்தால் அப்படித்தான் ஆகும். முதல் இரண்டு நாள் ஈரத்துணி போட்டு மூடுங்கள், தினமும் திருப்பி வையுங்கள். களிமண் உருப்படி நிலைக்க வேண்டுமென்றால் நன்றாகக் காய்ந்தபின், சூளை போடுகிறவரிடம் கேட்டுப் பானைகளோடு சேர்த்துச் சுட்டு வாங்கலாம். பிளாஸ்டரைச் சூளைக்குக் கொடுக்காதீர்கள்.

நிறத்துக்கு நான் கடைப் பெயிண்ட் வாங்கவில்லை. சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மண் ஒரு கைப்பிடி எடுத்து வந்தோம். அதன் சிவப்பு இரும்பு ஆக்சைடின் சிவப்பு. தண்ணீரில் கலக்கினால் மணல் உடனே அடியில் போய்விடும். மேலே நிற்கும் சிவந்த நீரை வேறு பாத்திரத்தில் வடித்து ஒரு நாள் விட்டால், அடியில் சந்தனம்போல விழுது தங்கும். காய்ந்த பிளாஸ்டர் மீது முதலில் கெட்டித் தேயிலைத் தண்ணீரைத் தூரிகையால் பூசுங்கள். அது உலர்ந்ததும் விழுதை அப்பி, ஈரத்துணியால் மேடுகளை மட்டும் துடையுங்கள். வரிகளின் பள்ளத்தில் சிவப்பு தங்கி, ஒவ்வொரு வரியும் எழுந்து நிற்கும்.

பின்பக்கத்தில் செய்தவர் பெயரையும் தேதியையும் கீறிவிடுங்கள், களிமண்ணானால் ஈரம் இருக்கும்போதே. நாளைக்கு யாராவது கையில் எடுத்துப் பார்த்து, இது நிஜப் படிவம் என்று நினைத்துவிடக் கூடாது. எங்கள் வீட்டு அம்மோனைட்டின் பின்னால் அவன் தன் பெயரோடு "திருநெல்வேலி, களிமண்" என்றும் எழுதியிருக்கிறான்.